ஏட்டுக்கு ஆகாத பண்டம்

ஏழாயிரம்பண்ணைக்குப் போகிற சாலையில் இடப்பக்கம் ஒரு மண்பாதை பிரியும். அதன் கடைசியில், சீமைக்கருவேலங்காட்டுக்கு நடுவே ஒரு பட்டாசு கம்பெனி. கம்பெனிக்கு முதலாளி உண்டு, லைசென்ஸ் உண்டு, சுற்றிலும் கம்பிவேலி உண்டு. ஆனால் காலையில் யார் உள்ளே போகலாம், யார் போகக் கூடாது என்று முடிவு செய்தது ஒரு நாய். செவலை நிறம், இடது காது பாதியில் மடங்கியிருக்கும். வருகிறவர்களை மேலும் கீழும் பார்க்கிற தோரணையைக் கண்டு யாரோ அதற்கு ஏட்டு என்று பெயர் வைத்தார்கள். சம்பளம் கிடையாது. வரும்படி உண்டு.

அந்த வரும்படியைப் பற்றித்தான் இந்தக் கதை.

பட்டாசு வேலையில் உராய்வுதான் எமன். நைலானும் பாலியஸ்டரும் உடுத்திக்கொண்டு நடந்தால் துணியோடு துணி உரசி மின்சாரம் ஏறும். அது வெடிமருந்து அறைக்குள் ஒரு பொறியாக இறங்கினால் அப்புறம் ஆள் அடையாளம் தெரியாது. அதனால் காட்டன்தான் உடுத்த வேண்டும். ஒவ்வொரு அறை வாசலிலும் ஒரு செம்புத் தகடு இருக்கும். அதைத் தொட்டு, உடம்பில் இருக்கிற மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் ராத்திரி துவைத்த காட்டன் பாவாடை விடியற்காலை வேன் வருவதற்குள் காயாது என்பதும் எல்லோருக்கும் தெரியும். நைலான் பாவாடை உதறினாலே காய்ந்துவிடும்.

ஏட்டு குட்டியாக இருந்தபோது, ஒரு மார்கழி மாதக் காலையில், ஒரு பெண்ணின் பாலியஸ்டர் முந்தானையை முகர்ந்து பார்த்தது. சட்டென்று ஒரு பொறி அதன் மூக்கில் சுட்டுவிட்டது. அன்றிலிருந்து அந்தச் சரசரப்புச் சத்தம் காதில் விழுந்தால் போதும், உடுத்தியிருப்பவர் வேலிக்கு வெளியே போகிறவரை விடாமல் குரைக்கும். கம்பெனியின் போர்மேன் தனுஷ்கோடி இதைக் கண்டுபிடித்த நாளில் பூரித்துப்போனார். அரசாங்கம் அனுப்பாத இன்ஸ்பெக்டரை ஆண்டவன் அனுப்பிவிட்டான் என்றே நினைத்தார். அன்றைக்கே ஏட்டுக்கு வாசலில் வேலை போட்டுக்கொடுத்தார்.

தனுஷ்கோடி சட்டமென்றால் உயிரை விடுகிறவர். திரி செய்கிற பகுதியில் இருந்த பொன்மணியை ஒருநாள் ஏட்டு விரட்டி விரட்டிக் குரைத்தபோது, வேனில் வந்த அத்தனை பேர் முன்னாலும், "உள்பாவாடை நைலான். வீட்டுக்குப் போத்தா, இன்னைக்குச் சம்பளம் கிடையாது" என்று திருப்பி அனுப்பினார். ஒரு பெண்பிள்ளையின் உள்பாவாடையை ஊரறியச் சொல்லலாமா என்ற யோசனையெல்லாம் அவருக்கு வராது. பொன்மணி அழுதுகொண்டே பஸ் நிற்கிற இடம்வரை நடந்தே போனாள். மறுநாள் வரும்போது முந்தானையில் ஒரு அவித்த முட்டையை முடிந்து வந்தாள். பாவாடை அதே பாவாடைதான். ஏட்டு முட்டையைத் தின்றது, வாயைத் துடைத்துக்கொண்டது, குரைக்கவில்லை.

வித்தை மற்றவர்களுக்கும் பரவ எவ்வளவு நேரம் ஆகும்? ஒருத்தி கருவாடு கொண்டுவந்தாள், ஒருத்தி கோழிக்கால், ஒருத்தி பன்னு. ஏட்டு வயிறு வளர்த்தது. காலையில் வாசலில் ஒரு குரைப்பும் கேட்பதில்லை. தனுஷ்கோடி அதை வைத்து, "எல்லாரும் காட்டனுக்கு மாறிட்டாக முதலாளி, நாய்கிட்ட இருக்கிற பயம் எங்கிட்டக்கூட இல்ல" என்று பெருமைப்பட்டுக்கொண்டார்.

அவர் அப்படிச் சொல்லும்போது போட்டிருந்த காக்கிப் பேண்ட் டெரிகாட்டன், பாதிக்குமேல் பாலியஸ்டர்.

ஆமாம், அவரும்தான். அந்தப் பேண்டின் மடிப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கத்திரிக்காய் நறுக்கலாம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வேனில் நசுங்கி வந்தாலும் அந்த மடிப்பு அசையாது. காட்டன் துணியில் அப்படி நிற்குமா? மகளின் பேறுகாலம் பார்க்கக் கோயம்புத்தூருக்குப் போன அவருடைய மனைவி, பேரன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தும் திரும்பி வரவில்லை. மகள் போனை எடுத்தால், "அம்மா குளிக்காங்கப்பா" என்பாள். எப்போது கூப்பிட்டாலும் அவள் குளித்துக்கொண்டேதான் இருந்தாள். அவர் சொன்னபடி கேட்பதற்கு உலகத்தில் மிச்சமிருந்தது அந்த மடிப்பு ஒன்றுதான்.

அதனால் அவரும் தினமும் ஏட்டுக்குக் கப்பம் கட்டினார். ஊர்ப் பெருமைக்கு ஏற்றபடி பால்கோவா. வேனிலிருந்து கடைசி ஆளாக இறங்குவார். குனிந்து, நாயைத் தட்டிக்கொடுக்கிற சாக்கில், "ஏட்டையா, எல்லாம் ஒழுங்கா இருக்கா?" என்று கேட்டபடி உள்ளங்கையில் ஒட்டியிருக்கிற சுண்டைக்காய் அளவு கோவாவை நக்கக் கொடுப்பார். ஏட்டு அவருடைய வேனின் ஹாரன் சத்தம் கேட்டதும் மண்பாதையின் பாதிவரைக்கும் ஓடிவரும். வாலோடு சேர்ந்து இடுப்பும் ஆடும். தன்னைப் பார்த்து ஓடிவர ஓர் உயிர் இருக்கிறது என்பதில் அவருக்கு இருந்த சந்தோஷத்தை அவர் யாரிடமும் சொன்னதில்லை. தனக்கே சொல்லிக்கொண்டதில்லை.

இப்படியே எல்லோரும் நிம்மதியாக இருந்தபோதுதான் ஆடி மாதத்தில் ஏட்டுக்கு அரிப்பு வந்தது.

முதலில் காதைச் சொறிந்தது. பிறகு பாதத்தை நக்கியது, விடாமல் நக்கியது. வயிறு சிவந்தது. முதுகில் திட்டுத்திட்டாக முடி கொட்டியது. ராத்திரி பகலாகச் சொறிந்து, தூக்கமில்லாமல், கண் சிவந்து, டூட்டி நேரத்தில் வாசலில் உட்கார்ந்தபடியே பின்னங்காலால் கழுத்தைப் பிறாண்டியது.

பட்டாசு கம்பெனியில் வைத்தியர்களுக்குக் குறைவில்லை. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினார்கள். கேட்கவில்லை. சமையல்கொட்டகையைப் பார்த்துக்கொள்ளும் அய்யம்மாள், "சொறிக்குக் கந்தகத்தை எண்ணெயில குழைச்சுத் தேச்சா ஒரே நாளுல கேக்கும்" என்றாள். கந்தகத்துக்கா அங்கே பஞ்சம்? பூசினார்கள். ஏட்டு எரிச்சல் தாங்காமல் ஓடிப்போய் காலி அட்டைப்பெட்டிகள் கிடக்கிற இடத்தில் புரண்டது. பெட்டிகளில் ஒட்டியிருந்த அலுமினியப் பவுடர் முழுக்க அதன்மேல் அப்பிக்கொண்டது. கோயில் வாகனத்துக்கு வெள்ளிக் கவசம் போட்டதுபோல மினுமினுத்துக்கொண்டு எழுந்துவந்து, முதலாளி மணிகண்டராஜ் கார் வந்து நிற்கிற நேரம் பார்த்து, அவருக்கு முன்னால் உட்கார்ந்து கரகரவென்று சொறிந்தது.

மணிகண்டராஜ் காரிலிருந்து ஒரு காலை வெளியே வைத்தவர் அப்படியே உள்ளே இழுத்துக்கொண்டார். கண்ணாடியை இரண்டு விரல்கடை மட்டும் இறக்கினார்.

"தனுஷ்கோடி, மேல என்னய்யா பூசியிருக்கீக?"

"கந்தகம் முதலாளி."

"அந்தப் பளபளப்பு?"

"அலுமினியம்."

"அது பாட்டுக்குச் சொறியுதே, அதுக்குப் பேரு என்ன?"

தனுஷ்கோடி தலையைக் குனிந்துகொண்டார். "உராய்வு" என்றார்.

"இதுக்குத் திரி ஒண்ணுதான்யா இல்ல!" என்று முதலாளி கண்ணாடிக்குள்ளிருந்தே கத்தினார். "சீசன் நேரத்துல என் கம்பெனிக்குள்ள நாலு காலுல ஒரு வெடி நடந்து திரியுது. ஆயுதபூஜைக்குள்ள இது சொறியுறத நிறுத்தணும். நிறுத்தலைன்னா வேனுல ஏத்தி வைப்பாத்துப் பாலத்துக்கு அந்தப் பக்கம் விட்டுட்டு வந்துரணும். சொல்லிட்டேன்."

முதலாளி சொன்னதில் தப்பில்லை என்பதுதான் தனுஷ்கோடியை வதைத்தது. உராய்வு கூடாது என்பது அவரே வருஷக்கணக்காகப் பாடுகிற பாட்டு. அன்று மத்தியானம் ஏட்டைத் தானே குளிப்பாட்டினார். பிறகு அதற்கும் சட்டத்தை அமல்படுத்தினார். பழைய காட்டன் வேட்டியைக் கிழித்து நாய்க்குச் சட்டை தைக்கச் சொன்னார். செம்புத் தகட்டுக்கு அருகில் வரும்போதெல்லாம் அதன் முன்னங்காலைப் பிடித்துத் தகட்டில் வைத்து மின்சாரத்தை இறக்கினார். வெள்ளைச் சட்டை போட்ட நாய் தகட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போகிறது என்று கேள்விப்பட்டுப் பக்கத்துக் கம்பெனிக்காரர்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள். சட்டைக்குள்ளேயும் அது சொறிந்துகொண்டுதான் இருந்தது.

கடைசியில் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனார். டாக்டர் நசிமா விருதுநகர்க்காரப் பெண், சிறு வயது, பேச்சில் கறார். தோலைச் சுரண்டி எடுத்துப் பார்த்தார். உண்ணி இல்லை, சொறிப்பூச்சி இல்லை.

"சாப்பாட்டு அலர்ஜியா இருக்கும்னு நினைக்கிறேன் அண்ணாச்சி. ரொம்ப நாளா சாப்பிடுற ஏதோ ஒண்ணு இதோட உடம்புக்கு ஆகாமப் போயிருக்கு. தினமும் என்ன சாப்பிடும்?"

"ஒண்ணும் சாப்பிடாது டாக்டரம்மா. காவக்கார நாயி."

டாக்டர் ஏட்டின் தொப்பையைப் பார்த்தார். பிறகு தனுஷ்கோடியின் முகத்தைப் பார்த்தார். "காத்தைக் குடிச்சா இப்படி வந்துச்சு?"

டாக்டர் விவரமாகச் சொன்னார். இதைக் கண்டுபிடிக்க ரத்தத்தைச் சோதித்துப் பிரயோஜனமில்லை. இந்த நாய் பிறந்ததிலிருந்து தின்றே இராத ஒரு கறி, தின்றே இராத ஒரு தானியம், இரண்டையும் உப்பு, எண்ணெய் இல்லாமல் அவித்து எட்டு வாரம் கொடுக்க வேண்டும். வேறு எதுவும் வாயில் படக் கூடாது. அரிப்பு அடங்கினால் காரணம் சாப்பாடுதான். அப்புறம் பழைய பண்டங்களை ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்தால் எது ஆகாது என்று தெரிந்துவிடும். அதுவரைக்கும் அரிப்பு தாங்குவதற்கு ஊசி போட்டு, கழுத்தைச் சுற்றி அட்டை கட்டிவிடச் சொன்னார்.

"ஒரு துளிகூடக் கூடாது அண்ணாச்சி. யாராவது பாவம் பாத்து ஒரு வாய் போட்டா, அதுவரைக்கும் பண்ணினது அம்புட்டும் வீண். முதல்ல இது இதுவரைக்கும் என்னென்ன சாப்பிட்டுருக்குன்னு தெரியணும். விசாரிச்சிட்டு வாங்க."

விசாரணை என்றதும் தனுஷ்கோடிக்கு உற்சாகம் வந்துவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் எல்லோரையும் வேப்பமரத்தடியில் கூட்டி, ஏட்டை நடுவில் உட்காரவைத்து, "இதுக்கு யாரு யாரு என்ன என்ன போட்டீக? வரிசையாச் சொல்லுங்க" என்றார்.

நாய்க்கு எதற்குப் போட்டாய் என்று அடுத்த கேள்வி வருமே. அத்தனை பேரும் தூக்குச்சட்டியையே உற்றுப் பார்த்தார்கள். ஏட்டோ வரும்படி தருகிற நேரம் என்று நினைத்துக்கொண்டு ஒவ்வொருத்தி முன்னாலும் போய் உட்கார்ந்து, வாலை ஆட்டி, எழுந்து அடுத்தவளிடம் போனது. ஆளை அடையாளம் காட்டுகிற வேலையை அதைவிடச் சுத்தமாக எந்தப் போலீஸ் நாயும் செய்திருக்காது.

பொன்மணிதான் முதலில் எழுந்தாள். "அவிச்ச முட்டை. ரெண்டு வருசமா."

"எதுக்கு?"

"எதுக்கா? என் பாவாடை நைலான். நீங்கதான் ஊருக்கே சொன்னீகளே, மறந்துபோச்சா?" என்றாள். உட்காரவில்லை. "அந்தச் சீவன் ராவெல்லாம் பறிச்சுக்கிட்டுக் கிடக்கு. என்னைய வீட்டுக்கு அனுப்புனாலும் அனுப்புங்க."

அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது. கோழிக்கால், நைலான் பாவாடை. நெத்திலிக் கருவாடு, பாலியஸ்டர் சேலை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டு ஈரல், ஜாக்கெட்டின் லைனிங். சாத்தூர்ச் சேவு, பன்னு, பிரியாணி, பேரீச்சம்பழம், திருப்பதி லட்டு. ஒருத்தி மாமியாரின் சத்து டானிக்கைக் கொடுத்ததாகச் சொன்னாள். அத்தனை காலமும் கம்பெனியில் காட்டன் உடுத்திய பெண் அய்யம்மாள் ஒருத்திதான். அவள் அடுப்படியைவிட்டு நகராதவள்.

தனுஷ்கோடி கம்பெனியைச் சுற்றிப் பார்த்தார். சட்டப்படி பார்த்தால் அன்றைக்குக் கம்பெனியைப் பூட்டிச் சாவியைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். சீசன் நேரம், லோடு நிற்கிறது. "நாய் விசயமாச் சொன்னதுக்குத் தண்டனை கிடையாது. நாளையிலருந்து எல்லாரும் காட்டன், அம்புட்டுதான்" என்று பொதுமன்னிப்பு வழங்கினார்.

அப்போது அய்யம்மாள் அடுப்படியிலிருந்து தலையை நீட்டி, "நீங்க என்ன குடுப்பீக?" என்று கேட்டாள்.

"நானா? நான் எதுக்குக் குடுக்கேன்?" என்றார் தனுஷ்கோடி. பொய் சொல்லிப் பழக்கமில்லாத காது, சிவந்துபோனது.

ஏட்டு தின்னாதது எது என்று தேடுவது பெரும்பாடாக இருந்தது. அது தின்னாதது கல்லும் மண்ணும்தான் என்று முடிவுகட்டியபோது, மல்லாங்கிணறு பக்கத்திலிருந்து வந்த ஒருத்தி, "குதிரவாலி தின்னுருக்காது. இப்ப அத யாரு ஆக்குதா?" என்றாள். கறிக்கு முயல். அந்தப் பக்கத்திலேயே ஒரு முயல் பண்ணை இருந்தது. தனுஷ்கோடி கைக்காசைப் போட்டு வாங்கிவந்தார். அய்யம்மாள் தனிச்சட்டியில் அவித்தாள். ரேஷன் அரிசிச் சோற்றைப் பிசைந்துகொண்டே பெண்கள் ஏட்டின் தட்டை எட்டிப்பார்ப்பார்கள். "முயல்கறியும் குதிரவாலிச் சோறும். நமக்கும் ஒரு அரிப்பு வராதா?" என்று பெருமூச்சு விட்டார்கள்.

கழுத்துக்கு அட்டை வேண்டுமென்று டாக்டர் சொன்னதற்கு, பட்டாசுப்பெட்டி அச்சடிக்கிற பிரஸ்ஸில் கழித்துப்போட்ட அட்டையைச் சுருட்டிக் கூம்பாக்கிக் கட்டினார்கள். அதில் தோகை விரித்த மயில் அச்சாகியிருந்தது. கீழே, கொட்டை எழுத்தில், 'குழந்தைகள் பெரியவர்கள் மேற்பார்வையில் கொளுத்தவும்'.

இதெல்லாம் நடந்ததில் ஓர் அதிசயமும் நடந்தது. ஏட்டுக்கு இனிக் கையூட்டு கொடுக்க முடியாது என்றானதும், பெண்கள் வேறு வழியில்லாமல் உண்மையாகவே காட்டனுக்கு மாறினார்கள். விடியலில் ஈரப் பாவாடையோடு வேனில் ஏறி, ஜன்னல் காற்றில் உலர்த்திக்கொண்டு வந்தார்கள். வாசலில் நாய் வாயை மூடிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை நியாயமாக மூடிக்கொண்டிருந்தது.

தனுஷ்கோடி ஒருவர்தான் பாக்கி.

அவர் நிறுத்திவிடத்தான் நினைத்தார். தினமும் ராத்திரி நினைப்பார். ஆனால் கோவாவை நிறுத்தினால் ஏட்டு குரைக்கும், அத்தனை பெண்கள் முன்னால் குரைக்கும். பேண்டை மாற்றினால் மடிப்பு எங்கே என்று கேட்பார்கள். போதாததற்கு, கழுத்தில் மயிலைக் கட்டிக்கொண்டு, பாதை தெரியாமல் முள்ளில் இடித்துக்கொண்டு, அந்த நிலையிலும் அது அவருடைய வேனைப் பார்த்து ஓடிவந்தது. கூம்புக்குள் கையை நீட்டுவதைத் தவிர அவரால் வேறெதுவும் செய்ய முடியவில்லை. சுண்டைக்காய் அளவை மிளகு அளவாகக் குறைத்தார். 'இது சாப்பாடா? தொட்டு வைக்கிறது. பச்சைப்பிள்ளைக்குக்கூடப் பால் குடுக்காக, பால் எந்த உயிருக்கு ஆகாது?' என்று தனக்குத்தானே தீர்ப்பு சொல்லிக்கொண்டார்.

ஏட்டின் முதுகில் பூனைமுடி போலக் கொஞ்சம் முளைத்தது. எல்லோரும் மகிழ்ந்தார்கள். ஊசி மருந்தின் வேகம் குறைந்ததும் மறுபடியும் சொறிந்தது.

"யாரோ குடுக்குறாங்க அண்ணாச்சி. கண்டிப்பா" என்று டாக்டர் நசிமா போனில் சொன்னார். "ஒரு பருக்கை போதும். அது யாருன்னு கண்டுபிடிங்க."

தனுஷ்கோடி கண்டுபிடிக்கக் கிளம்பினார். அவரைப் போல முனைப்பாக இன்னொருவர் விசாரித்திருக்க முடியாது. ஒவ்வொருத்தியின் முந்தானை முடிச்சையும் அவிழ்த்துக் காட்டச் சொன்னார். எறும்பு போகிற தடத்தைப் பின்தொடர்ந்தார். காக்கை எதையாவது போட்டுவிட்டுப் போகிறதா என்று சாப்பாட்டு வேளை முழுக்க வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில், எல்லோரும் கையை நீட்டி நிற்க வேண்டும், யார் கையை ஏட்டு நக்குகிறதோ அவர்தான் ஆள் என்று ஒரு சோதனை வைத்தார். ஏட்டு வரிசையாக நீண்டிருந்த கைகளை ஒவ்வொன்றாக முகர்ந்து தாண்டி, வரிசைக்கு வெளியே நின்றிருந்த தனுஷ்கோடியிடம் வந்து, அவருடைய உள்ளங்கையைக் கூம்பு முழுக்க எச்சில் வடிய நக்கியது.

பொன்மணி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"மரியாதை தெரிஞ்ச நாயி" என்றார் தனுஷ்கோடி. "சோதனை முடிஞ்சது. எல்லாரும் வேலைக்குப் போங்க."

ஆயுதபூஜைக்கு முந்தின நாள் காலையில் மணிகண்டராஜ் வேனோடு வந்து வாசலில் நின்றார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, சுத்தமான காட்டன். வேனின் பின்கதவு திறந்திருந்தது. ஒரு சாக்கும் கயிறும் கிடந்தன. ஏட்டு கேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கூம்பின் விளிம்பைத் தூணில் தேய்த்து, தன்னால் எட்ட முடியாத கழுத்தை எப்படியாவது சொறிந்துவிடப் பார்த்தது. பெண்கள் வண்டியிலிருந்து இறங்கி, உள்ளே போகாமல் நின்றார்கள்.

தனுஷ்கோடியின் வேன் வந்தது. ஏட்டு ஓடியது. மயில் இப்படியும் அப்படியும் ஆட, இடுப்பு ஆட, அவர் முன்னால் வந்து நின்று முகத்தைத் தூக்கிப் பார்த்தது. கண்ணைச் சுற்றி முடியே இல்லை.

அவருடைய சட்டைப் பையில் கோவா இருந்தது. வழக்கம்போல வாங்கியிருந்தார். வண்டியில் ஏற்றுவதற்கு முன்னால் கடைசியாக ஒரு தடவை கொடுத்துவிடலாம், இன்றைக்குக் கொஞ்சம் பெரிதாகவே கொடுத்துவிடலாம் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தார். இப்போது அந்த வழுக்கை முகத்தைப் பார்த்ததும் பைக்குப் போன கை பாதியில் நின்றது. இதைச் செய்தது நான். பத்து விரலாலும் நான். என் ஒருத்தன் கால்மடிப்புக்காக.

கையை நீட்டவில்லை. குனியவில்லை. நிமிர்ந்து நின்று, கேட்டைப் பார்த்து ஓர் அடி வைத்தார். பேண்ட் சரசரத்தது.

ஏட்டு அவருடைய முகத்தைப் பார்த்தது, கையைப் பார்த்தது, காலைப் பார்த்தது. பிறகு குரைத்தது. கூம்பு ஒலிபெருக்கியாகி, வேலிக்கு வெளியே மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் எல்லாம் கலைந்து ஓடும்படி குரைத்தது. அவர் இன்னோர் அடி வைக்க, பின்னாலேயே வந்து, பேண்டைச் சுற்றிச் சுற்றிக் குரைத்தது.

"என்னய்யா இது?" என்றார் முதலாளி.

"டெரிகாட்டன் முதலாளி" என்றார் தனுஷ்கோடி. "இத்தனை வருசமும் இதத்தான் போட்டுக்கிட்டு வாரேன். குரைக்காம இருக்கக் கோவா குடுத்தேன். நேத்துவரைக்கும் குடுத்தேன். நாய்மேல தப்பில்ல, பிள்ளைகமேல தப்பில்ல. எனக்கு இன்னைக்குச் சம்பளம் கிடையாது. நான் வீட்டுக்குப் போறேன்."

பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து முதலாளி கையில் கொடுத்தார். முதலாளி என்ன செய்வதென்று தெரியாமல் வாங்கிக்கொண்டார்.

திரும்பியபோது பொன்மணி எதிரில் நின்றாள். அவர் தரையைப் பார்த்தபடி, "ஒனக்குத்தான்த்தா நான் முதல்ல சொல்லிருக்கணும்" என்றார்.

"எங்களுக்குத் தெரியும் சார்" என்றாள் பொன்மணி. "நீங்க நடந்தா அவல் இடிக்கிற மாதிரி சத்தம் வருமே, எங்களுக்குக் காது இல்லையா?"

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

பொன்மணி அய்யம்மாளைத் திரும்பிப் பார்த்தாள். அய்யம்மாள் சொன்னாள்: "அதுக்கு ஊட்டும்போதுதான் ஒங்க மூஞ்சி மனுச மூஞ்சியா இருக்கும். அதையும் ஏன் கெடுக்கணும்னு இருந்தோம். நீங்களாச் சொல்லுவீகன்னு இன்னைக்கு வரைக்கும் பாத்தோம். சொல்லலைன்னா, வேன் கெளம்பும்போது நான் சொல்லிருப்பேன்."

தனுஷ்கோடி கண்ணைத் துடைத்துக்கொண்டு, மண்பாதையில் நடந்தார். ஏட்டு பாதி தூரம்வரை விரட்டி வந்து குரைத்துவிட்டு, டூட்டிக்குத் திரும்பியது. முதலாளி வேனின் கதவைச் சாத்தச் சொன்னார். "தீவாளி வரைக்கும் பாப்பம்" என்றார்.

தீபாவளி வருவதற்குள் ஏட்டுக்குக் கூம்பு கழன்றது, சட்டை கழன்றது, முதுகில் செவலை முடி அடர ஆரம்பித்தது. எட்டு வாரம் முடிந்ததும் டாக்டர் சொன்னபடி முட்டையைக் கொடுத்துப் பார்த்தார்கள், கோழியைக் கொடுத்துப் பார்த்தார்கள், ஒன்றும் செய்யவில்லை. ஒரு கரண்டி பாலைக் கொடுத்ததும் மறுநாளே காதைச் சொறிந்தது. டாக்டர் நசிமா, "பால்தான் அண்ணாச்சி. ஜென்மத்துக்கும் கூடாது" என்று முடித்துவிட்டார்.

தனுஷ்கோடி இப்போது காட்டன் பேண்ட்தான் போடுகிறார். முழங்காலில் பை விழுந்து, தூங்கி எழுந்தவர் மாதிரி கசங்கி வருகிறார். கையில் ஒன்றும் இருப்பதில்லை. ஆனாலும் அவருடைய வேன் வந்ததும் ஏட்டு மண்பாதையின் பாதிவரைக்கும் ஓடிவருகிறது. கையை முகர்கிறது. ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும், அவரைச் சுற்றிச் சுற்றி, தொண்டை கிழியக் குரைக்கிறது. ஒருநாள்கூடத் தவறுவதில்லை.

நாய் குரைத்தால் துணியைச் சோதிக்க வேண்டும் என்பது அவரே போட்ட சட்டம். அதனால் காலையில், அத்தனை பேரும் பார்த்திருக்க, தனுஷ்கோடி கேட்டுக்கு முன்னால் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். பொன்மணி வந்து அவருடைய பேண்ட் துணியை இரண்டு விரலால் கசக்கிப் பார்க்கிறாள். அவள் அவசரப்படுவதில்லை. முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை, சட்டைக் காலரில் ஒரு தடவை.

"காட்டன்தான். உள்ள போங்க" என்கிறாள்.

ஏட்டு அதற்கப்புறமும் குரைக்கிறது. அது கோவாவைக் கேட்டுக் குரைக்கிறதா, அவரைக் கண்ட சந்தோஷத்தில் குரைக்கிறதா என்று டாக்டரிடம் கேட்டால் சொல்லிவிடுவார். தனுஷ்கோடி கேட்கவில்லை. கேட்கப்போவதும் இல்லை.